அலோன்ஸோ, டியாஸ், நிம்மோ போய்விட்டார்கள்: மெட்ஸ் சரியப்போகிறதா?

கேள்வி ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. நீங்கள் எழுதியது சுருக்கமாக இது: 2024 குளிர்காலத்தில் பேட்டர் ஹுவான் சோட்டோவுக்கு 76.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்ட நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி, 2025-இல் ப்ளேஆஃபுக்கே போகவில்லை. இப்போது பேட்டர் பீட் அலோன்ஸோ, பிட்சர் (பந்துவீச்சாளர்) எட்வின் டியாஸ், பேட்டர் பிராண்டன் நிம்மோ மூன்று பேரையும் விட்டுவிட்டார்கள். ஆபீஸில் எல்லாரும் "அடுத்த சீசன் ஊத்திக்கிச்சு" என்கிறார்கள். ஐபிஎல் ஏலம் முடிந்த ராத்திரியே எந்த அணி தேறும் என்று நாம் பேசுவது போல, இதையும் 2025 டிசம்பரிலேயே சொல்லிவிட முடியுமா? முதல் கேள்வி மெட்ஸ் தேறுமா என்பது. இரண்டாவது, ஓர் அணி குளிர்காலத்தில் செய்யும் ஆள் மாற்றங்களை வைத்து எதையாவது நம்பிச் சொல்ல முடியுமா என்பது. இரண்டாவதற்குப் பதில் தெரிந்தால்தான் முதலாவதைத் தொடவே முடியும். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2002-இல் குயின்ஸுக்கு வந்தவன். பிழைப்பு காப்பீட்டு நிறுவனத்தில் அபாயக் கணக்குப் போடுவது. எந்த வீடு எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்தாயிரம் வீட்டில் ஏறக்குறைய எத்தனை எரியும் என்று சொல்லிவிடலாம். பேஸ்பால் எனக்குப் பிடித்துப்போனதே அந்தக் குணத்தால்தான். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, மெயின் ஸ்ட்ரீட்டில் 7-ஆம் எண் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தமே மைதானம். அப்போது ஷே ஸ்டேடியம், 2009-இலிருந்து சிட்டி ஃபீல்ட். ஒவ்வொரு குளிர்காலமும் வந்தவர், போனவர் எல்லாரையும் ஒரு தாளில் எழுதி, எத்தனை ஆட்டம் ஜெயிப்பார்கள் என்று ஒரு எண்ணைப் போட்டு மடித்து வைப்பேன். அந்தத் தாள்களில் பாதிக்கு மேல் என் மானத்தை வாங்கியவை. அந்த அனுபவத்தில்தான் பேசுகிறேன், அணிக்குள் இருந்து அல்ல.

முதலில் ஐபிஎல் உவமை எங்கே உதைக்கிறது என்று பார்த்துவிடலாம். இங்கே ஏலம் கிடையாது. அணிக்கு இவ்வளவுதான் என்று கட்டிப்போடும் பர்ஸும் கிடையாது. ஒரு வீரர் உச்ச லீகான மேஜர் லீகில் ஆறு வருஷ சர்வீஸ் முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, எந்த அணியோடும் பேரம் பேசலாம். அதுவரை அவர் அணியின் கைக்குள்தான். முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம். அதனால் ஒரு பேஸ்பால் அணியின் உண்மையான பலத்தில் பெரும்பங்கு, குளிர்காலத்தில் செய்தியாகவே வராத இளம் ஆட்களிடம் இருக்கிறது. சந்தையில் வாங்குகிற ஆள் முப்பதை நெருங்கியவர் அல்லது தாண்டியவர். பேட்டர்களின் உச்சம் இருபதுகளின் பின்பாதி. அதாவது ஓடிக் களைத்த குதிரைக்குத்தான் அதிக விலை. சோட்டோவின் விலை எகிறியதற்குக் காரணமே அவர் சந்தைக்கு வந்தபோது வயது 26 என்பதுதான்.

உச்சவரம்பு இல்லையே தவிர, வரி உண்டு. சம்பளத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் லீகுக்கு அபராத வரி கட்ட வேண்டும். தாண்டத் தாண்ட விகிதம் ஏறும். தொடர்ந்து தாண்டுகிற அணி, உச்சப் படியில் ஒவ்வொரு டாலர் சம்பளத்துக்கும் மேலே 1.10 டாலர் வரி கட்டுகிறது. மெட்ஸ் அந்தப் படியில்தான் இருக்கிறது. ஆகவே வருஷத்துக்கு 2.3 கோடி டாலர் என்று ஒரு குளோசரை (கடைசி இன்னிங்ஸை வீசி முடிக்கும் பிட்சர்) எடுத்தால், மெட்ஸுக்கு அவருடைய அடக்கவிலை 4.8 கோடி. "ஓனர் கோடீஸ்வரர்தானே, கொடுத்தால் என்ன" என்று உங்கள் ஆபீஸில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஸ்டீவ் கோஹன் கோடீஸ்வரர்தான், மறுக்கவில்லை. அவர் 2020-இல் அணியை வாங்கியபோது சம்பளத்தை இவ்வளவு ஏற்றுவார் என்று மற்ற முதலாளிகளே எதிர்பார்க்கவில்லை. 2022-இல் வரிக்கு மேலும் ஒரு படி சேர்த்தபோது அதற்குப் பத்திரிகைகள் வைத்த செல்லப்பெயரே "கோஹன் வரி".

சரி, உறுதியாகத் தெரிந்தவை எவை? ஒன்று, கூடுதலாக ஒரு பத்து ரன் எடுத்தாலோ மிச்சப்படுத்தினாலோ சீசனில் சுமார் ஒரு வெற்றி கூடும். பல பத்தாண்டுகளின் ஆட்டங்களில் சோதித்துப் பார்த்த விகிதம் இது. அதை வைத்து ஒவ்வொரு ஆளுக்கும், அவர் இடத்தில் கைக்குக் கிடைக்கும் ஒரு சாதாரண ஆளைப் போட்டால் எத்தனை வெற்றி குறையும் என்று கணக்கிடுகிறார்கள். ‘வார்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள், அதுதான். சோட்டோ போன்ற நட்சத்திரம் நல்ல சீசனில் சுமார் ஆறு வெற்றி மதிப்புள்ளவர். ஆறுதான்! 162 ஆட்டத்தில் ஆறு. கிரிக்கெட்டில் வளர்ந்த நமக்கு இது ஜீரணமாகாது. ஒரு கோஹ்லி நின்றால் ஆட்டமே மாறும் என்று பழகியவர்கள் நாம். இங்கே எவ்வளவு பெரிய பேட்டரும் ஒன்பது பேரில் ஒருவர். தன் முறை வரும்வரை பெஞ்சில் விதை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியவர்.

இன்னொன்று அதிர்ஷ்டம். இது என் தொழில் சமாசாரம். ஒரு நாணயத்தை 162 முறை சுண்டினால் சராசரியாக 81 தலை விழும். ஆனால் மூன்று தடவை இப்படிச் செய்தால், அதில் இரண்டு தடவைதான் எண்ணிக்கை 75-க்கும் 87-க்கும் நடுவே இருக்கும். மூன்றாவது தடவை அதற்கு வெளியே போய்விடும். நாணயத்தில் ஒரு குறையும் இல்லாமலே இவ்வளவு ஆட்டம். ஓர் அணியின் பலம் துல்லியமாகத் தெரிந்தால்கூட, இந்தப் பக்கம் ஆறு அந்தப் பக்கம் ஆறு என்று ஊசலாடும். யாருக்குக் காயம் வரும் என்பது இதில் சேரவில்லை. டிசம்பரில் கணிப்பு சொல்கிறவர் எவரும் இந்த ஆறைத் தாண்டிக் குதிக்க முடியாது.

கணக்கு இது. இனி மெட்ஸின் மூன்று குளிர்காலங்களை எடுத்துப் பாருங்கள்.

2022-இல் 101 ஆட்டம் ஜெயித்த அணி. டிவிஷன் (லீகில் ஐந்து அணிகள் கொண்ட பிரிவு) முதலிடத்தை அட்லாண்டாவிடம் இழந்து, ப்ளேஆஃப் முதல் சுற்றிலேயே சான் டியாகோவிடம் தோற்று வெளியேறியது. அடுத்து வந்த குளிர்காலம் போல ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் பிட்சர் ஜேக்கப் டிகிராம் ஐந்து வருஷம் 18.5 கோடிக்கு டெக்ஸஸ் போனார். உடனே 40-ஐத் தொடவிருந்த ஜஸ்டின் வெர்லாண்டரை இரண்டு வருஷத்துக்கு 8.67 கோடிக்கு எடுத்தார்கள். ஏற்கனவே மேக்ஸ் ஷெர்சர் இருந்தார், வருஷம் 4.33 கோடி. ஜப்பானிலிருந்து பிட்சர் கோடாய் செங்கா 7.5 கோடி. நிம்மோவுக்கு எட்டு வருஷம் 16.2 கோடி. டியாஸுக்கு ஐந்து வருஷம் 10.2 கோடி. இத்தனைக்கும் மேல், சான் பிரான்சிஸ்கோ 35 கோடிக்குப் பேசி முடித்து மருத்துவப் பரிசோதனையில் தயங்கி நின்ற கார்லோஸ் கொரேயாவை, ஒரே ராத்திரியில் 31.5 கோடிக்கு மெட்ஸ் வளைத்தது. காலையில் எழுந்து போனைப் பார்த்த எனக்குக் கனவா என்று இருந்தது. பிறகு மெட்ஸின் மருத்துவர்களும் அந்தப் பழைய கால் காயத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். கடைசியில் கொரேயா மினசோட்டாவுக்கே திரும்பினார், ஆறு வருஷம் 20 கோடிக்கு.

அந்த ஜனவரியில் என் தாளிலும் 90-க்கு மேல்தான் எழுதினேன். நடந்தது என்ன? மார்ச் 15, உலக பேஸ்பால் கிளாசிக். போர்ட்டோ ரிக்கோ ஜெயித்த சந்தோஷத்தில் டியாஸ் சக வீரர்களோடு குதித்தார், முழங்கால் தசைநார் கிழிந்தது, சீசனே போச்சு. பந்து வீசும்போதுகூட இல்லை, கொண்டாடும்போது! வெர்லாண்டர் முதல் நாளே காயப்பட்டியலில். கிண்டானா என்ற இன்னொரு பிட்சர் ஜூலை வரை ஆடவில்லை. வந்தது 75 வெற்றி, 87 தோல்வி, டிவிஷனில் நாலாவது இடம். ஜூலை முடிவதற்குள் ஷெர்சரை டெக்ஸஸுக்கும், ஆகஸ்ட் முதல் நாளில் வெர்லாண்டரை ஹூஸ்டனுக்கும் அனுப்பி, பதிலுக்கு இளசுகளை வாங்கிக்கொண்டார்கள். சம்பளத்தின் பெரும்பகுதியை மெட்ஸே கட்டியது. வரி மட்டும் 10 கோடி டாலர் சுமார். அந்த அக்டோபரில் வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிப்போட்டி ஆடியவர்கள் யார் தெரியுமா? 84 ஆட்டம் மட்டுமே ஜெயித்திருந்த அரிசோனாவும், 90 ஜெயித்த டெக்ஸஸும்.

டிகிராமை விட்டது சரியா தப்பா என்று கேட்டால், எப்போது கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். 2023-இல் அவர் ஆறே ஆட்டத்தில் தொடக்கப் பிட்சராக வீசி முழங்கை அறுவை சிகிச்சைக்குப் போனார். மெட்ஸ் செய்தது சாமர்த்தியம் என்றார்கள். அதே டிகிராம் 2025-இல் 30 ஆட்டம் தொடங்கினார், ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்று ரன்னுக்கும் குறைவாகவே கொடுத்தார். அதே வருஷம் மெட்ஸ் ஒரு பிட்சருக்காக நாயாய் அலைந்தது. ஒரே முடிவு, இரண்டு தீர்ப்பு. அதனால்தான் விளைவை வைத்து முடிவெடுத்த விதத்தை எடைபோடாதீர்கள் என்று தொழிலில் எங்களுக்குச் சொல்லித்தருவார்கள். கேட்க நன்றாக இருக்கும். தோற்ற ராத்திரியில் கடைப்பிடிப்பது கஷ்டம்.

அடுத்த குளிர்காலம் நேர் எதிர். மில்வாக்கியைக் கட்டியெழுப்பிய டேவிட் ஸ்டெர்ன்ஸ் பொறுப்புக்கு வந்தார். செய்தித்தாளில் கால் பத்திகூட வராத கையெழுத்துகள்: பிட்சர் லூயிஸ் செவரீனோ ஒரு வருஷம் 1.3 கோடி, பிட்சர் ஷான் மனாயா இரண்டு வருஷம் 2.8 கோடி, மைனர் லீக் (கீழ்நிலை லீக்) ஒப்பந்தத்தில் ஹோசே இக்லேசியாஸ். "இந்த வருஷம் சும்மா விட்டுவிட்டார்கள்" என்று ரசிகர்கள் புலம்பினார்கள், நானும் புலம்பினேன். மே மாதம் 22 வெற்றி 33 தோல்வி என்று கிடந்தபோது புலம்பல் உச்சத்தில். அப்புறம் 89-இல் முடித்தார்கள். ப்ளேஆஃப் முதல் சுற்றில் மில்வாக்கிக்கு எதிரான கடைசி ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், தோற்கும் நிலையில் அலோன்ஸோ ஒரு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார் பாருங்கள்... வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் எழுப்பிவிட்டேன். வீசிய பிட்சர் டெவின் வில்லியம்ஸ். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபிலடெல்ஃபியாவை வென்று, லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸிடம் ஆறாவது ஆட்டத்தில் தோற்றார்கள். செவரீனோ 31 ஆட்டம், மனாயா 32 ஆட்டம் தொடங்கினார்கள். மலிவாக வாங்கிய அந்த 63 ஆட்டங்கள்தான் அந்த சீசனின் முதுகெலும்பு என்பது என் கட்சி.

இப்போது நீங்கள் கேட்ட சோட்டோ குளிர்காலம். 15 வருஷம், 76.5 கோடி டாலர், எதுவும் பின்னாளுக்குத் தள்ளிவைக்காத பணம். தள்ளிவைப்பது என்றதும் மெட்ஸ் ரசிகனுக்குப் பழைய வீரர் பாபி போனியா ஞாபகம் வராமல் இருக்காது. 2001-இலேயே ஓய்வு பெற்ற அவருக்கு, ஒவ்வொரு ஜூலை 1-ஆம் தேதியும் சுமார் 11.9 லட்சம் டாலர் போய்க்கொண்டிருக்கிறது, 2035 வரை போகும். பழைய நிர்வாகம் செய்த வேலை. அதை விடுங்கள். சோட்டோ 2025-இல் என்ன செய்தார்? 43 ஹோம் ரன், 105 ரன்கள் உள்ளே கொண்டுவந்தார், 127 வாக் (தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது), அதோடு யாருமே எதிர்பார்க்காத 38 ஸ்டீல் (பிட்சர் அசந்த நேரம் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). எம்விபி (சீசனின் மிகச் சிறந்த வீரர்) வாக்கெடுப்பில் மூன்றாவது. அலோன்ஸோ 38 ஹோம் ரன், 126 ரன். இன்னொரு பேட்டர் லிண்டோர் 31 ஹோம் ரன், 31 ஸ்டீல். பெரிய சம்பளக்காரர் எல்லாரும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். உங்கள் ஆபீஸ் வாதம் உடைவது இந்த இடத்தில்தான். "சோட்டோவுக்கு இவ்வளவு கொடுத்தும் ப்ளேஆஃப் இல்லை" என்ற வாக்கியத்தின் இரண்டு பாதியும் உண்மை. நடுவில் இருக்கிற "கொடுத்தும்" மட்டும் பொய்.

ஜூன் 12 அன்று மெட்ஸ் 45 வெற்றி 24 தோல்வி, லீகிலேயே முன்னணி. அதே ஆட்டத்தில் செங்கா ஃபர்ஸ்ட் பேஸில் பந்தை வாங்க ஓடினார். அலோன்ஸோ எறிந்த பந்து கொஞ்சம் உயரமாக வந்தது. செங்கா எகிறிப் பிடித்து, இறங்கும்போது தொடையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த சராசரி 1.47 ரன். திரும்பி வந்த பிறகு பழைய செங்கா வரவேயில்லை; செப்டம்பரில் அவரே சம்மதித்து மைனர் லீகுக்குப் போனார். அடுத்த சில நாளில் இன்னொரு பிட்சர் மெகிலுக்கு முழங்கைக் காயம். ஜூன் 26-இல் பிட்சர் கேனிங்குக்குக் குதிகால் தசைநார் அறுந்து சீசன் முடிந்தது. மனாயா ஜூலை நடுவில்தான் வந்தார், வந்தும் தடுமாறினார். இரண்டு வருஷம் 3.4 கோடிக்கு எடுத்த ஃப்ராங்கி மொன்டாஸ் அடி வாங்கி அடி வாங்கி, கடைசியில் அவரும் முழங்கை அறுவை சிகிச்சைக்கு. முறைவைத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஐந்து பிட்சர்கள் கொண்ட ரொட்டேஷனில் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் டேவிட் பீட்டர்சனும் க்ளே ஹோம்ஸும் மட்டும். அந்த ஹோம்ஸோ, 2024 வரை ஒரு இன்னிங்ஸ் வீசிப் பழகிய குளோசர்! 40-க்கும் மேற்பட்ட பிட்சர்களை அந்த ஒரே சீசனில் பந்துவீசும் மேட்டில் ஏற்றினார்கள். ஜூன் 13-இலிருந்து 38 வெற்றி, 55 தோல்வி.

அப்படியும் கடைசி நாள் வரை உயிர் இருந்தது. செப்டம்பர் 28. சின்சினாட்டி தோற்றது. மயாமியில் மெட்ஸ் ஜெயித்திருந்தால் உள்ளே. 4-0 என்று தோற்றார்கள். இரண்டு அணிக்கும் 83 வெற்றி. நேருக்கு நேர் கணக்கில் சின்சினாட்டி போனது. எட்டு இன்னிங்ஸ் முடிவில் பின்தங்கியிருந்த 70 ஆட்டத்தில் மெட்ஸ் ஒன்றைக்கூடத் திருப்பவில்லை என்று ஒரு புள்ளிவிவரம் உண்டு. அதைப் பார்த்து "துணிச்சல் இல்லாத அணி" என்று எழுதியவர்கள் பலர். எனக்கு அதில் பாதி துரதிர்ஷ்டம் என்றே படுகிறது. மீதிப் பாதி என்ன என்று புள்ளிவிவரத்தால் பிரித்துக் காட்ட முடியாது. டிரெஸ்ஸிங் ரூமில் மனக்கசப்பு இருந்ததா, இருந்தால் அது எத்தனை ஆட்டத்தைத் தின்றது? வெளியிலிருந்து இதற்குப் பதில் சொல்கிறவர் எல்லாரும் கதைதான் சொல்கிறார்கள். ஜெயிக்கிற அணியில் எல்லாரும் அண்ணன் தம்பி. தோற்கிற அணியில் சாப்பாட்டு மேசையில்கூடக் கோஷ்டி.

இனி இந்தக் குளிர்காலம். இதை எழுதும்போது 2025 டிசம்பர் பாதி. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, பட்டியல் மாறும். நிம்மோவை டெக்ஸஸுக்குக் கொடுத்து மார்கஸ் செமியனை வாங்கினார்கள். நிம்மோ, உயர்நிலைப்பள்ளியில் பேஸ்பால் அணியே இல்லாத வயோமிங்கிலிருந்து 2011-இல் வந்து, பதினான்கு வருஷம் இந்த ஒரே அணியில் இருந்தவர். வாக் கிடைத்தாலும் ஃபர்ஸ்ட் பேஸுக்கு ஓடியே போவார். எனக்கு மிகவும் பிடித்த ஆள், மனசு கேட்கவில்லை. ஆனால் தாளில் பார்த்தால், 32 வயதாகிவிட்டது, பத்துக் கோடி டாலருக்கு மேல் பாக்கி, ஐந்து வருஷம் மீதம். செமியனுக்கு வயது 35, மூன்று வருஷம் மீதம், பேட்டிங் இறங்குமுகம், ஆனால் செகண்ட் பேஸில் ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருது வாங்கியவர். ஸ்டெர்ன்ஸ் திரும்பத் திரும்பச் சொல்வது ரன் தடுப்பு. அதற்கு இது பொருந்துகிறது. வெற்றிக் கணக்கில் ஏறக்குறைய சமம், நீளக் கணக்கில் இரண்டு வருஷம் மிச்சம்.

அலோன்ஸோ ஐந்து வருஷம் 15.5 கோடிக்கு பால்டிமோர் போனார். மெட்ஸின் வரலாற்றிலேயே அதிக ஹோம் ரன் அவருடையது, 264. இந்த மாதம் 31 வயது முடிந்தது. ஃபர்ஸ்ட் பேஸில் நின்று கனமான மட்டையால் பிழைக்கிற ஆட்கள் 33, 34-இல் திடீரென்று சரிவது பழைய கதை. எல்லாரும் சரிவதில்லை, ஆனால் சரிகிறவர்கள் சொல்லிவிட்டுச் சரிவதில்லை. முதல் இரண்டு வருஷம் பால்டிமோருக்குச் சந்தோஷமாக இருக்கும், பின்பாதி எப்படியோ. மெட்ஸ் ஐந்து வருஷம் கொடுக்க மறுத்தது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறேன். அதற்குப் பதிலாக யார் என்பதில்தான் எனக்குக் குறை. சியாட்டிலிலிருந்து ஹோர்ஹே பொலாங்கோவை இரண்டு வருஷம் 4 கோடிக்கு எடுத்திருக்கிறார்கள். நல்ல மட்டை. ஆனால் ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற அனுபவம் ஏறக்குறைய இல்லாதவர். ரன் தடுப்பு என்று சொல்லிக்கொண்டு அந்த இடத்தில் ஒரு புதியவரை நிறுத்துவது எப்படிப் பொருந்தும்?

டியாஸ் விஷயத்தில் நான் உங்கள் ஆபீஸ்காரர்கள் பக்கம். மூன்று வருஷம் 6.9 கோடிக்கு டாட்ஜர்ஸ் போனார். 2025-இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.63 ரன். குளோசர்களில் இவரைவிட நம்பகமானவர் சந்தையில் இல்லை, மூன்று வருஷம் ஒன்றும் பயங்கரமான நீளமும் இல்லை. அவருக்கு முன்பே மூன்று வருஷம் 5.1 கோடிக்கு வாங்கி வைத்திருக்கும் ஆள் யார் என்று நினைக்கிறீர்கள்? டெவின் வில்லியம்ஸ். ஆமாம், அலோன்ஸோவிடம் அந்த ஹோம் ரன்னை வாங்கிக்கட்டிக்கொண்டவர். அடித்தவர் போய்விட்டார், அடி வாங்கியவர் வந்திருக்கிறார். வில்லியம்ஸின் பந்து இன்னும் சுழல்கிறது, யாங்கீஸில் 2025-இல் 4.79 என்று போனதில் துரதிர்ஷ்டமும் உண்டு என்பது உண்மைதான். ஆனாலும் டியாஸை வைத்துக்கொண்டு வில்லியம்ஸைச் சேர்ப்பது ஒரு திட்டம். டியாஸுக்குப் பதில் வில்லியம்ஸ் என்றால் அது சமாளிப்பு.

இவ்வளவையும் கூட்டிக் கழித்தால்? போனவர்களிடமிருந்து அடுத்த வருஷம் எதிர்பார்க்கக்கூடியது ஏழெட்டு வெற்றி. வந்தவர்களிடமிருந்து ஐந்தாறு. வித்தியாசம் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. ஊரே பொங்குகிற மூன்று பெரிய பெயர்களின் விளைவு, நாணயம் சுண்டுகிற அந்த ஆறில் பாதியைத் தாண்டவில்லை. இந்த எண்கள் என் சொந்தக் கணிப்பு, ஒரு வெற்றி அப்படி இப்படி இருக்கலாம். கூட்டுத்தொகையின் அளவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதனால் என் முதல் கேள்வி வேறு. 2025-ஐக் கொன்றது ரொட்டேஷன். அதை இந்தக் குளிர்காலம் தொட்டதா? இதுவரை இல்லை. கையில் இருப்பவர்களில் நோலன் மெக்லீன் ஆகஸ்டில் வந்து எட்டு ஆட்டத்தில் 2.06 என்று வீசினார். கண்ணுக்கு விருந்து, ஆனால் எட்டு ஆட்டம் என்பது மிகச் சின்ன மாதிரி, அதை வைத்து நான் ஒரு பாலிசிகூட எழுதமாட்டேன். ஜோனா டாங், பிராண்டன் ஸ்ப்ரோட் இருவரும் செப்டம்பரை ருசி பார்த்ததோடு சரி. செங்கா எந்தச் செங்காவாக வருவார், மனாயா முழுசாகத் தேறினாரா என்பதெல்லாம் அணி மருத்துவர்களுக்குத் தெரியும், எனக்கும் உங்களுக்கும் தெரியாது. கொரேயா விஷயத்தில் இரண்டு அணிகள் ஒரே காலைப் பார்த்துப் பின்வாங்கியபோது, அதற்கு முந்தின நாள் வரை அந்த ஒப்பந்தத்தை அக்கு வேறு ஆணி வேறாக அலசிய எங்கள் எல்லாருக்கும் அந்தக் காலைப் பற்றி ஒரு வரி தெரிந்திருக்கவில்லை.

ஆகவே பிப்ரவரி நடுவில் ஃபுளோரிடாவின் போர்ட் செயின்ட் லூசியில் பயிற்சி முகாம் திறக்கும்வரை, பெரிய பேட்டர் யாராவது வருகிறாரா என்று பார்க்காதீர்கள். வரலாம், வந்தால் ஆபீஸில் கேக் வெட்டுவார்கள். நீங்கள் ஒரு தாளில் தொடக்கப் பிட்சர்களை வரிசையாக எழுதுங்கள், ஐந்தோடு நிறுத்தாமல் ஒன்பது வரை. ஒரு சீசனில் எந்த அணியும் ஐந்து பேரோடு ஓட்டுவதில்லை. ஆறு, ஏழு, எட்டாவது ஆட்கள் சேர்ந்து முப்பது ஆட்டமாவது தொடங்கவேண்டி வரும். முதல் மூன்று இடத்துக்குள் டிரேடில் ஒரு நல்ல பிட்சர் வந்து, இப்போது மூன்றாவது இருப்பவர் நாலாவதாக நகர்ந்தால், கீழே இருக்கும் எல்லாரும் ஒரு படி இறங்குவார்கள். அந்த ஒரு நகர்வு, அலோன்ஸோ இருப்பது போவதைவிடப் பெரிது. அப்படி யாரும் வராவிட்டால் உங்கள் ஆபீஸ்காரர்கள் சொல்வது பலிக்கவும் கூடும், அவர்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல.

பந்தயம் கட்டியிருப்பதாகவும் ஓர் எண் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். இன்றைய பட்டியலுக்கு என் தாளில் 84 என்று இருக்கிறது. 78-இல் முடிந்தாலும் 90-இல் முடிந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ப்ளேஆஃபுக்குள் வர ஒரு பிட்சர் போதும் என்கிற தூரம். பிரியாணிப் பந்தயம் என்றால் கட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஏப்ரலில் ஆட்டம் பார்க்க வருவதாக இருந்தால் ஞாயிறு மதியம் வாருங்கள். முன்னதாகவே வந்தால் கோயில் கேன்டீனில் கூட்டம் குறைவு, ரயிலில் ஒரே நிறுத்தம்.